தும்மல் நின்ற பிறகு

மார்கழிப் பனியில் தும்மத் தொடங்கும் நாட்டுக்கோழி தை முடிவதற்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும். இரை பொறுக்கும், கொக்கரிக்கும், முட்டையும் இடும். "சளி பிடிச்சிருந்துச்சு, சரியாப் போச்சு" என்பார்கள் வீட்டில். அடுத்த ஐப்பசி மழையில் அதே கூட்டில் வேறு இரண்டு கோழிகளுக்குக் கண்ணோரம் நுரை கட்டும். அதற்கடுத்த முறை அடைவைத்துப் பொரித்த குஞ்சுகள் மூன்றாவது வாரத்திலேயே தும்மும். ஒவ்வொரு தடவையும் பழி பனிமேல் விழும். பனிக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால் கிருமியை ஆண்டு முழுவதும் கூட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்தது, போன வருடம் 'குணமான' அந்தக் கோழி.

கால்நடை மருத்துவர்கள் இதை நாள்பட்ட சுவாச நோய் என்பார்கள். பண்ணைக்காரர்கள் வாயில் இது 'சி.ஆர்.டி'. வெள்ளைக் கழிச்சல் வந்தால் கூடே ஒரு வாரத்தில் காலியாகிவிடும். இது அப்படிக் கொல்லாது. பத்துப் பன்னிரண்டு கோழி உள்ள வீட்டில் இது நுழைந்தால், அந்தக் கூட்டம் இருக்கும்வரை இதுவும் இருக்கும். அதனால்தான் இதைச் சமாளிக்க வேறு விதமான கணக்கு தேவைப்படுகிறது.

சுவர் இல்லாத கிருமி

நோய்க்குக் காரணம் மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம் என்ற பாக்டீரியா. 1943-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் டெலாப்ளேன், ஸ்டூவர்ட் என்ற இரு ஆய்வாளர்கள், கோழிகளில் மாதக்கணக்கில் இழுக்கும் சளி நோயின் கிருமியைக் கருக்கொண்ட முட்டையில் வளர்த்துக் காட்டினார்கள். 'நாள்பட்ட சுவாச நோய்' என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். அந்தக் கிருமி எந்த வகையைச் சேர்ந்தது என்று புலப்பட 1950-கள் வரை ஆனது.

தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. இது மிகச் சிறிய உயிரி. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியில் சுமார் 46 லட்சம் எழுத்துகள் இருக்கின்றன என்றால், இதில் சுமார் 10 லட்சம்தான். தனக்கு வேண்டிய சத்துகள் பலவற்றைத் தானே தயாரிக்கும் திறன் இதற்கு இல்லை. எல்லாம் கோழியின் உடலிலிருந்து வந்தாக வேண்டும். ஆய்வகத்தில் வளர்க்க வேண்டுமானால் சீரம் கலந்த செழுமையான ஊடகம் வேண்டும், மூன்று வாரம் வரை காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். அப்படி வளர்ந்த திரள் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் தடித்து, ஓரம் மெலிந்து பரந்து, குட்டி ஆஃப்பாயில் போட்டதுபோல் தெரியும்.

இதன் உடலமைப்பில் நமக்கு முக்கியமான சங்கதி ஒன்று: இதற்குச் செல்சுவர் கிடையாது. மற்ற பாக்டீரியாக்களைச் சுற்றி இருக்கும் கெட்டியான சுவருக்குப் பதில் மெல்லிய சவ்வு மட்டுமே இருக்கிறது. பென்சிலினும் அமாக்சிசிலினும் வேலை செய்வதே, பாக்டீரியா அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுத்துத்தான். சுவரே இல்லாத கிருமியிடம் அவற்றுக்கு வேலை இல்லை. வீட்டில் மிச்சமான அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கோழியின் தொண்டையில் போடுகிறவர்கள் பலர். சளி நோய்க் கிருமியை அது தொடக்கூட முடியாது.

சுவர் இல்லாததால் ஒரு பலவீனமும் உண்டு. கோழியின் உடலுக்கு வெளியே இது நொய்ந்த உயிர். வெயில், உலர்ந்த காற்று, சோப்பு நீர், சாதாரணக் கிருமிநாசினி எதையும் தாங்காது. இறகிலும் துணியிலும் மனிதரின் தலைமுடியிலும் இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். ஆக, கூட்டில் இது ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது என்றால் அது தரையிலோ சுவரிலோ ஒளிந்திருக்கவில்லை. உயிருள்ள ஒரு கோழிக்குள்தான் இருக்கிறது.

கோழி மூச்சுவிடும் விதம்

நம் நுரையீரல் விரிந்து சுருங்கும். கோழியின் நுரையீரல் முதுகெலும்போடும் விலா எலும்புகளோடும் ஒட்டி ஏறக்குறைய அசையாமல் இருக்கும். காற்றை இழுத்துத் தள்ளும் வேலையைச் செய்பவை ஒன்பது காற்றுப் பைகள். உள்ளே இழுத்த காற்று பெரும்பாலும் முதலில் பின்புறப் பைகளுக்குப் போய், பிறகு நுரையீரல் வழியாக ஒரே திசையில் நகர்ந்து, முன்புறப் பைகளை அடைந்து வெளியேறுகிறது. ஒரு தடவை இழுத்த காற்று முழுச் சுற்று சுற்றி வெளியே வர இரண்டு மூச்சு ஆகும். பறப்பதற்கு அருமையான ஏற்பாடு. நோய் வந்தால் இதுவே வினை. காற்றோடு வரும் தூசியும் கிருமியும் வயிற்றறை வரை நேராகப் போய்ச் சேர வழி இருக்கிறது. பைகளின் சவ்வு கண்ணாடித்தாள்போல் மெல்லியது. ரத்தக் குழாய்கள் குறைவு. நோயை எதிர்க்கும் செல்களும் சரி, நாம் கொடுக்கும் மருந்தும் சரி, அங்கே போதிய அளவில் எட்டுவது கடினம்.

வாசலில் காவல் இல்லாமல் இல்லை. மூச்சுக்குழாயின் உட்புறம் முழுக்க நுண்ணிய இழைகள் இருக்கின்றன. அவை இடைவிடாமல் அசைந்து, சளியில் ஒட்டிய தூசியையும் கிருமியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மைக்கோபிளாஸ்மா முதலில் கைவைப்பது இந்த இழைகளில்தான். தன் உடலின் ஒரு முனையில் உள்ள குமிழால் இழைகளின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. இழைகள் அசைவை இழக்கின்றன, பிறகு உதிர்கின்றன. அதன்பின் ஈ.கோலை போன்ற கிருமிகள் தடையின்றி உள்ளே இறங்குகின்றன. சளி நோயில் கோழி செத்தால் முடித்துவைத்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆள்தான்.

கோழியின் எதிர்ப்புச் சக்தி சும்மா இருப்பதில்லை. ஆனால் இந்தக் கிருமி தன் மேற்பரப்பில் உள்ள புரதத்தை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். அதற்கென்றே நாற்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களை வைத்திருக்கிறது. உடல் ஒரு வடிவத்தை அடையாளம் கண்டு தாக்கத் தொடங்கும்போது, வேறொரு வடிவத்தோடு மிச்சப் படை தயாராக இருக்கும். இவ்வளவு சிறிய மரபணுத் தொகுதியில் இத்தனை பங்கை ஒளிந்துகொள்வதற்கே ஒதுக்கியிருக்கிறது என்றால், இதன் பிழைப்பு எதில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். தும்மல் நிற்கும், கிருமி வெளியேறாது. ஒருமுறை தொற்றிய கோழி அநேகமாக ஆயுளுக்கும் அதைச் சுமக்கிறது. குளிர், மழை, இறகு உதிர்க்கும் பருவம், முட்டையிடத் தொடங்கும் சமயம், கூடையில் அடைத்து நெடுந்தூரம் பயணம் என ஏதோ ஒன்று அதன் உடலைத் தளர்த்தும்போது கிருமி மறுபடி பெருகும். பக்கத்துக் கோழிக்கும் தாவும்.

முட்டை வழியாகவும் போகும் என்பதுதான் இதில் மோசமான செய்தி. தொற்றிய கோழியின் சில முட்டைகளில் கரு உருவாகும்போதே கிருமி உள்ளே இருக்கும். அந்தக் குஞ்சு பொரிந்த நாளிலேயே நோயாளி. ஒரு அடையில் அப்படி ஒன்றிரண்டு இருந்தால் போதும். தாயின் சிறகடியில் எல்லாம் ஒட்டிப் படுக்கும்போது மீதிக் குஞ்சுகளுக்கும் பரவிவிடும்.

இருட்டிய பிறகு கேளுங்கள்

பகலில் கோழி நோயை மறைக்கும். துரத்திப் பிடித்தால் எந்தக் கோழிக்கும் மூச்சு வாங்கும். அதனால் சோதிக்க ஏற்ற நேரம் இரவு. கோழிகள் அடைந்து அரைமணி நேரம் கழித்து, விளக்கு போடாமல் கூட்டின் பக்கத்தில் போய் நின்று காதுகொடுத்துக் கேளுங்கள். நலமான கூட்டத்தில் இறகு அசையும் ஓசைக்கு மேல் ஒன்றும் கேட்காது. நோயுள்ள கூட்டத்தில் ஈரமான 'கொர்கொர்' சத்தம், நடுவே ஒரு தும்மல், சளியை உதறும் தலையசைப்பு எல்லாம் கேட்கும். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு டார்ச் அடித்து அந்தக் கோழியைக் கையில் எடுங்கள். மூக்குத் துளையில் இரைத்தூசி ஒட்டிக் காய்ந்திருக்கிறதா, கண்ணின் உள்மூலையில் சோப்பு நுரைபோல் குமிழி இருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கன்னம் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சிறகின் முன்பக்க இறகுகளில் பிசுபிசுப்பு இருந்தால், பகலெல்லாம் மூக்கை அங்கே துடைத்திருக்கிறது என்று பொருள்.

கன்னப் புடைப்பைக் கீறி அழுத்திச் சீழ் எடுக்க முயல்கிறவர்கள் உண்டு. வேண்டாம். பறவைகளின் வெள்ளணுக்களில் சீழை நீராக்கும் நொதி இல்லை. அதனால் கோழியின் சீழ் பன்னீர்க் கட்டிபோல் இறுகிவிடும், வழிந்து வராது. கால்நடை மருத்துவர் மயக்கமருந்து கொடுத்துத் தோண்டி எடுக்க வேண்டிய பொருள் அது.

கொர்கொர் என்பதெல்லாம் இந்த நோய்தான் என்று முடிவுகட்டவும் கூடாது. ஓரிரு நாளில் முகம் வீங்கி, மூக்குச்சளி துர்நாற்றம் அடித்தால் அது தொற்றுச் சளி எனும் வேறு பாக்டீரியா நோய். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டால் வெள்ளைக் கழிச்சல். வாய்க்குள் மஞ்சள் படலம் கட்டியிருந்தால் அம்மையின் உள்வகை. திடீரென்று பல கோழிகள் ஒன்றாகச் செத்தால், கொண்டை நீலம் பூத்தால், எதையும் தொடாமல் உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல வேண்டும். பறவைக் காய்ச்சல் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் வேறெதையும் யோசிக்க முடியும்.

ஐயம் தீர எளிய சோதனை இருக்கிறது. கோழியின் சிறகடி நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துத் தெளியவைத்தால் மேலே சீரம் நிற்கும். அதில் ஒரு துளியை வெள்ளைத் தட்டில் விட்டு, சாயமேற்றிய செத்த மைக்கோபிளாஸ்மா கலவையில் ஒரு துளி சேர்த்துக் குச்சியால் கலக்கித் தட்டை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பிடிப்பார்கள். எதிர்ப்புப் பொருள் இல்லாத சீரம் என்றால் சாயம் சீராகவே நிற்கும். இருந்தால், இரண்டு நிமிடத்துக்குள் சாயம் திரிந்து துகள் துகளாகக் கூடும். ஒரு கோழியில் மட்டும் இப்படித் திரிந்தால் ஐயம். மூன்று நான்கு கோழிகளில் திரிந்தால் கூட்டமே தொற்றியிருக்கிறது என்று கொள்ளலாம். உறுதி செய்ய, தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த மாதிரியில் பிசிஆர் செய்வார்கள்.

தீனித்தட்டில் நடந்தது

ஒரே இடத்தில் கூடித் தின்னும் பறவைகளிடம் இந்தக் கிருமி என்ன செய்யும் என்பதை உலகம் 1994-இல் நேரில் பார்த்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குரிய ஹவுஸ் ஃபிஞ்ச் என்ற சிட்டுகளை வியாபாரிகள் கூண்டுப் பறவையாக விற்றுவந்தார்கள். 1940 வாக்கில் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் அவற்றில் சில திறந்துவிடப்பட்டன. அவை பெருகிக் கிழக்குப் பகுதி முழுவதும் பரவின. 1994 குளிர்காலத்தில் வாஷிங்டன் நகரின் சுற்றுப்புறங்களில், வீட்டுத் தோட்டத்தில் தொங்கவிட்ட தீனிக்குழல்களில் கண் வீங்கி ஒட்டிப்போன சிட்டுகளை மக்கள் பார்த்தார்கள். கிருமியை ஆராய்ந்தால் மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம். அதுவரை கோழி, வான்கோழிகளின் நோயாக அறியப்பட்டிருந்தது காட்டுப் பறவைக்குத் தாவியிருந்தது.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் அதே ஆண்டு பொதுமக்களையே கணக்கெடுக்கச் சொன்னது. சில ஆண்டுகளிலேயே கிழக்குப் பகுதி முழுவதும் நோய் பரவிய பாதையை அந்தக் குறிப்புகள் காட்டின. சிட்டுகள் தலையை நுழைத்துத் தின்னும் குழலின் வாய் ஓரத்தில் கண்நீர் பட்டு, அடுத்த பறவைக்குக் கிருமி போய்க்கொண்டிருந்தது. நம் கொல்லையில் அந்தக் குழலின் வேலையைச் செய்வது, எல்லாக் கோழிகளும் மூக்கு முங்கக் குடிக்கும் ஒரே தண்ணீர்ச் சட்டி. தினமும் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துக் காயவைத்த இரண்டு சட்டிகளை மாற்றி மாற்றி வைப்பது, கால் காசு செலவில்லாத தடுப்பு.

மருந்து எதுவரை

மைக்கோபிளாஸ்மாவை அடக்கும் மருந்துகள் இருக்கின்றன: டைலோசின், டாக்சிசைக்ளின், டியாமுலின், என்ரோஃப்ளாக்சசின் முதலியவை. இவை செல்சுவரைத் தேடுவதில்லை. கிருமி புரதம் செய்வதையோ மரபணுவைப் பிரதியெடுப்பதையோ தடுக்கின்றன. சரியான நேரத்தில், எடைக்கேற்ற அளவில், மருத்துவர் சொன்ன நாள் முழுக்கக் கொடுத்தால் தும்மல் அடங்கும், காற்றுப்பை சேதம் குறையும், முட்டை வழியாகப் பரவுவதும் குறையும். கிருமியை முழுதாக அழிக்கும் மருந்து மட்டும் இல்லை. இந்த ஒரு வரியைச் சொல்லாமல் விற்கப்படும் புட்டிகள்தான் பல வீடுகளில் மாதாமாதச் செலவாகின்றன.

அரைகுறையாக இரண்டு நாள் கொடுத்து நிறுத்துவது மோசம். உயிர்தப்பிய கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். என்ரோஃப்ளாக்சசின் விஷயத்தில் கவலை நமக்கும் சேர்த்துத்தான்; மனிதருக்குத் தரும் சிப்ரோஃப்ளாக்சசின் அதன் நெருங்கிய உறவு. கோழி வழியாக எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகள் மனிதரிடம் வருவதைக் காரணம் காட்டி அமெரிக்கா 2005-இல் கோழிகளுக்கு அதைத் தடைசெய்தது. இந்தியாவும் 2019-இல் கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது.

இன்னொரு எச்சரிக்கை: கடைத்தீவனம் சிலவற்றில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் போன்றவை கலந்திருக்கும். அந்தத் தீவனம் தின்னும் கோழிக்கு டியாமுலின் கொடுத்தால் கால் இழுத்துக்கொண்டு செத்தே போகலாம். மூட்டைச் சீட்டை மருத்துவரிடம் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள். மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதன்பின் புட்டியில் குறித்துள்ள இடைவெளி நாட்களிலும் முட்டையும் கறியும் சமையலுக்குப் போகக் கூடாது. முட்டையிடும் கோழிக்குக் கொடுக்கவே கூடாத மருந்துகளும் உண்டு, கேட்டுக்கொள்ள வேண்டும்.

துளசி, கற்பூரவள்ளி, தூதுவளை, மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. கோழி இரை எடுக்கவும் சற்றுத் தெம்பாகவும் அது உதவினால் நல்லதுதான். கோழி தெளிந்துவிட்டதைப் பார்த்துக் கிருமியும் போய்விட்டது என்று நம்புவதுதான் ஆபத்து.

கூட்டின் காற்று

மருந்தைவிட அதிகம் சாதிப்பது காற்றோட்டம். கோழி எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை ஈரத்தில் வாழும் நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அமோனியா எழுகிறது. காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு சேர்ந்தாலே மூச்சுக்குழாயின் இழைகள் பழுதாகத் தொடங்கும். மைக்கோபிளாஸ்மா செய்யும் அதே சேதத்தை அமோனியா தானாகவே செய்துவைக்கிறது. கிருமிக்குப் பாதி வேலை மிச்சம். நாம் நின்ற உயரத்தில் மோந்து பார்த்தால் தெரியாது. காலையில் கூட்டைத் திறந்தவுடன் குனிந்து, கோழியின் தலை மட்டத்தில் மூக்கை வையுங்கள். கண் கரித்தால் அளவு மீறிவிட்டது.

வடகிழக்குப் பருவமழையில் நாம் செய்யும் தவறு கூட்டை நாற்புறமும் தார்ப்பாயாலும் சாக்காலும் இறுக மூடுவது. சாரல் அடிக்கக் கூடாதுதான். ஆனால் ஈரமும் அமோனியாவும் வெளியேற வழி வேண்டும். கோழி உட்காரும் உயரம் வரை மறைத்து, அதற்கு மேலே கூரையடியில் ஒரு சாண் அகலம் திறந்துவைத்தால் வாடையும் தாக்காது, காற்றும் நிற்காது. ஒரு கோழிக்கு 2 சதுர அடியாவது இடம் வேண்டும். ஈரமான உமியை அள்ளி வெளியே போட்டுவிட்டுப் புது உமி பரப்புங்கள். ஈரத்தின்மேல் சுண்ணாம்பைத் தூவினால் காரம் ஏறி, அமோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். சுண்ணாம்பு அடிப்பதானால் கோழி இல்லாத காலிக் கூட்டில் அடிக்கலாம்.

வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியைச் சளிக்குப் பயந்து விட்டுவிடக் கூடாது. உயிருள்ள தடுப்பூசி சளியுள்ள கூட்டத்தில் கொஞ்ச நாள் தும்மலைக் கிளப்பும். அதனால் கூட்டம் தெளிவாக இருக்கும் சமயம் பார்த்துப் போட வேண்டும். போடாமல் இருப்பது பெரிய இழப்பில் முடியும்.

மூன்று வழிகள்

தொற்றிய சிறு கூட்டத்தை வைத்திருப்பவருக்கு முன்னால் மூன்று வழிகள்தாம் இருக்கின்றன. ஒன்று, எல்லாவற்றையும் கழித்துவிட்டு, கூட்டைக் கழுவிக் காயவைத்து, மூன்று நான்கு வாரம் காலியாகப் போட்டு, தாய்க்கோழிகளைச் சோதித்து வைத்திருக்கும் பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் குஞ்சு வாங்கி மறுபடி தொடங்குவது. கிருமி வெளியே பிழைக்காது என்பதால் இது நிச்சயமாகப் பலிக்கும். பெரிய பண்ணைகள் இனக்கோழிகளை நோயற்றதாக்கியது இப்படிச் சோதித்துக் கழித்துத்தான். அதற்கு முன், அரிய வம்சங்களைக் காப்பாற்ற அடைமுட்டைகளைச் சுமார் 46 டிகிரி செல்சியஸில் 12 மணி நேரத்துக்கு மேல் சூடாக்கிக் கிருமியைக் கொன்றும் பார்த்தார்கள். பொரிப்பு கொஞ்சம் குறைந்தது, குஞ்சுகள் சுத்தமாக வந்தன. வீட்டில் செய்யக்கூடிய காரியம் அல்ல அது.

இரண்டாவது, கதவடைத்த கூட்டம். இருக்கும் கோழிகள் ஆயுள் முழுக்க இருக்கட்டும், முட்டையைச் சாப்பிடுங்கள், புதுக்கோழி உள்ளே வராது, இங்குள்ளது உயிரோடு வெளியே போகாது. அடைவைப்பதும் கிடையாது. இந்தக் கிருமி மனிதரைத் தாக்காது என்பதால் வீட்டாருக்குப் பயமில்லை. காற்றும் சுத்தமும் சரியாக இருந்தால் பல கூட்டங்கள் இப்படி ஆண்டுக்கணக்கில் ஓடும்.

மூன்றாவது வழி, பலரும் இன்று நடப்பது: தும்மினால் மருந்து, நின்றால் மறதி. சந்தையில் விலை படியாமல் திரும்பி வந்த கோழியை அன்றிரவே பழைய கூட்டில் விடுவது, இணைசேர்க்கப் பக்கத்து வீட்டுச் சேவலை நாலு நாள் வாங்கி வைப்பது, தங்கச்சி வீட்டுக்கு ஒரு பெட்டைக்கோழியைப் பிள்ளை பிறந்ததற்குக் கொடுத்துவிடுவது. ஊருக்குள் நோய் நடக்கும் பாதை இதுதான். புதிதாக வந்த எதையும் ஒரு மாதமாவது தனியே, தீனி தண்ணீர் தனியாக, கடைசியில் கவனித்து வைத்தால் புதுநோய் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். வெளிப்படாத பழைய நோயாளியைக் காட்டிக்கொடுப்பது ரத்தச் சோதனைதான்.

கோழி வளர்ப்பவர் நோய்க்குப் பொறுப்பல்ல; பரவுவதற்குப் பொறுப்பு. முதல் வழியோ இரண்டாவதோ, உங்கள் வசதிக்கு எது ஏற்றதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை விட்டுவிடுங்கள். சளி பிடித்துத் தெளிந்த கோழியை மருந்து இடைவெளி முடிந்தபின் உங்கள் வீட்டுக் குழம்புக்கு எடுக்கலாம். விற்கவோ, கொடுக்கவோ, அதன் முட்டையை அடைக்குத் தரவோ செய்யாதீர்கள்.